யாரைக் கேட்டு வெட்டினே?

அநியாயம் நடந்தது என் அண்ணிக்கு. செய்தது என் சொந்த அண்ணன். அண்ணி கையால் பூ வேலை செய்து தைத்த நீலத் திரையை ஐந்து துண்டாக வெட்டி, கோழிகள் முட்டையிடும் பெட்டிகளுக்கு மாட்டிக்கொண்டிருந்தான்.

காலையில் கொட்டகைப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணா! இது அண்ணி தைச்ச திரையாச்சே! யாரைக் கேட்டு வெட்டினே?"

"ம்ம்" என்றான். வாய் நிறைய ஆணி. பெட்டி அடிக்கும்போது ஆணிகளை உதட்டில் கவ்விக்கொள்வது அவன் வழக்கம். பதில் சொல்லாமல் தப்பிக்க இதைவிட வசதி வேறென்ன இருக்கிறது?

அந்தத் திரை என் அறை ஜன்னலில் தொங்கியது. விடுதிச் சத்தம் தாங்காமல், ஆய்வுக் கட்டுரையை வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் என்று மூன்று வாரத்துக்கு முன் வந்தேன். மூன்று வருடம் விடுதியில் இருந்தாலும் என் அறை என் அறைதானே? இருட்டாக இருக்கிறதென்று திரையைக் கழற்றியது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மடித்து வைத்தேன். கழற்றுவது வேறு, வெட்டுவது வேறு.

கொட்டகை மூலையில் பார்த்தால், அண்ணி! கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். அண்ணி மருத்துவமனையில் செவிலியர். ஞாயிற்றுக்கிழமை தலைமைச் செவிலியருக்கான தேர்வு. போன தடவை மூன்று மதிப்பெண்ணில் தவறிவிட்டது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

"என்ன அண்ணி, இந்த நாத்தத்துல உக்காந்தா படிக்கிறீங்க?"

"கூடத்துல மாமா டிவி பாக்குறாரு. இங்கே தொந்தரவு இல்லம்மா. தப்பாப் படிச்சாக்கூட கோழிங்க மார்க்கைக் குறைக்காது."

சிரித்தார். ஒரு கோழி வந்து பக்கத்தின் ஓரத்தைக் கொத்தியது. அதையும் சிரித்தபடியே விரட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் பெட்டிக்குள் வைக்கோலைப் பரப்பினான். திரைத் துண்டின் நடுவே, கோழி நுழைய ஒரு கீறல் போட்டான்.

"கோழிக்கு எதுக்குத் திரை?"

கோழி விஷயம் என்றால் மட்டும் ஆணிகள் வெளியே வந்துவிடும்.

"கொண்டை சிவந்துடுச்சு பாரு. முதுகைத் தொட்டா பதுங்குது. இந்த வாரமே முட்டை போட ஆரம்பிச்சுடும். உள்ளே இருட்டா, மறைவா, அமைதியா இருக்கணும். இல்லேன்னா எங்கேயாவது புதருக்கடியில போடும். முதல் முட்டையை எங்கே போடுதோ, அப்புறம் அந்த இடத்தை விட்டு நகராது."

பெட்டிக்கு ஒன்றாக டேபிள் டென்னிஸ் பந்துகளை உருட்டி வைத்தான்.

"இது?"

"பொய் முட்டை. ஏற்கெனவே ஒருத்தி இங்கே போட்டிருக்கா, பயமில்லாத இடம்தான்னு நம்பி உக்காரும்."

ஆணிகள் மறுபடியும் வாய்க்குள் போயின. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"நல்லா இருக்குண்ணா நியாயம்! இருபது கோழிக்கு அஞ்சு ரூம், மெத்தை, திரை, மனசுக்குத் தைரியம் சொல்லப் பந்து வேற! கட்டின பொண்டாட்டிக்கு ஓட்டை வாளி! இவங்களும் அந்த வாளியிலயே பழகிடுவாங்கன்னு நினைச்சியா?"

"ஓட்டையெல்லாம் இல்ல" என்றான் பல்லிடுக்கில். "வக்கீலம்மாகிட்ட கட்சிக்காரங்க புகார் குடுத்தாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. அந்தத் தைரியத்துலதானே ஆடுறே?"

"விடும்மா" என்றார் அண்ணி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதுக்கு விடணும்? படிக்கிறவங்களுக்குச் சாத்திக்க ஒரு கதவு வேணும் அண்ணி. நான் ஏன் என் கதவுல 'எழுதிக்கொண்டிருக்கிறேன், தட்டாதீர்கள்'னு ஒட்டி வெச்சிருக்கேன்? இது இவனுக்குப் புரியுமா?"

அண்ணிக்குப் புரியும். நேற்று என் அறையில் ஏதோ புத்தகம் எடுக்க வந்தபோதுகூட, மெல்ல இரண்டு தடவை தட்டி, நான் சரி என்ற பிறகுதான் உள்ளே வந்தார். வந்த சுவடு தெரியாமல் போனார். அந்த நாகரிகத்தில் கால்வாசி இவனுக்கு உண்டா?

அண்ணிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டு எழுந்தவர், அண்ணனை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னங்க, வாயைத் திறக்காம வேலையைப் பாருங்க. ஆணியை முழுங்கிடப் போறீங்க."

பாருங்கள்! இத்தனைக்குப் பிறகும் இவனைப் பற்றித்தான் கவலை!

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவன் எதிரில் போய் நின்றேன்.

"ஒருத்தி ராத்திரி பகலா ஊசி பிடிச்சுத் தைச்சது. அவங்க வாயில்லாப் பூச்சி. நான் அப்படி இல்ல. சொல்லு, யாரைக் கேட்டு வெட்டினே?"

பாதிப் பூ மட்டும் தெரிந்த கடைசித் துண்டைக் கீழே வைத்தான். ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்தான்.

"உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. ஆனா நீ கேட்டுக்கிட்டே இருக்கே. அவளைக் கேட்டுத்தான் வெட்டினேன். 'நான் படிக்கிற ரூமுக்குன்னு தைச்சேங்க. இப்ப அங்கே உங்க தங்கச்சி எழுதுறா, அவளுக்கு வெளிச்சம் வேணுமாம். கோழிக்காவது உதவட்டும்'னு அவதான் எடுத்துக் குடுத்தா."