சனிக்கிழமை இரும்பு

கயிறு சரியாக இருந்தது.

ஒரு முடிச்சு இரும்புத் தண்டின் இந்த ஓரத்தில், மறு முடிச்சு அந்த ஓரத்தில். நூல் பிசகவில்லை. அப்பாவு இன்னொரு முறை வைத்துப் பார்த்தான். காலையிலிருந்து இப்போதுதான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

ஓடைத் தண்ணீர் என்ஜினுக்குள் ஏறாமல் இருக்க, தன் பழைய ஜீப்பை ஸ்பிரிங் மாற்றி அரை அடி உயர்த்தியிருந்தான். உயர்த்திய வண்டிக்கு, முன்சக்கரங்களைச் சுழற்றும் சாப்டும் நீளமாக வேண்டும். அவன் பழையதையே மாட்டி ஓட்டினான். புதன்கிழமை அது முறிந்தது.

முன்சக்கரம் இழுக்காத ஜீப், ஓடைக்கரைச் சேற்றில் ஏறாது.

ஓடைக்கு அந்தப் பக்கம், எண்பதாம் ஆண்டில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட எஸ்டேட்டின் பழைய லயத்து வீட்டில், அவன் மனைவி நல்லம்மாளுக்கு ஒன்பதாம் மாதம். நடக்கவிடாதே, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. இன்று இரவு மழை இறங்கினால் ஓடை பொங்கிவிடும். மூன்று நாளைக்கு எந்த வண்டியும் கடக்காது.

சிலிம் ரிவர் டவுனில் சாப்டு கிடைக்கவில்லை. தாப்பாவில் கடைக்காரர் தலையைக்கூடத் தூக்காமல், "தடா லா" என்று மலாயில் இல்லையென்றார். ஈப்போவில் நான்கு கடை. நான்காவது கடைக்காரர், அவன் அளவுக்கு முடிச்சுப் போட்டு வைத்திருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, மாட்டுக்கா சாப்டு தேடுறே?" என்று சிரித்தார்.

கடைசியில் குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலையடிவாரத்தில், ராமையாவின் பழைய இரும்புக் கடை. மரம் ஏற்றிய ஒரு ஜீப்பிலிருந்து கழற்றிய நீளச் சாப்டு, அவனுக்காகவே காத்திருந்ததுபோல் சுவரோரம் கிடந்தது.

"இது போதும்ணே. எவ்வளவு?"

ராமையா நெற்றி நிறையத் திருநீறும், எண்ணெய் படிந்த வேட்டியுமாக நின்றார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

"இன்னைக்கு விக்க மாட்டேன், தம்பி. சனிக்கிழமை."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை.

"சனிக்கிழமை இரும்பு கை மாறக் கூடாது. டயர் வேணுமா, எடுத்துட்டுப் போ. கண்ணாடி இருக்கு. நல்ல சீட்டு ரெண்டு இருக்கு. இரும்பு மட்டும் கேக்காத."

விடிவதற்கு முன் இடுப்பளவுத் தண்ணீரில் ஓடையைக் கடந்து, மூன்று பஸ் மாறி வந்தவனிடம் சீட்டு இருக்கிறது என்கிறார்.

அப்பாவு கெஞ்சினான். நல்லம்மாளைப் பற்றிச் சொன்னான். மழையைப் பற்றிச் சொன்னான். சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததையும் சொன்னான்: முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை, இது மூன்றாவது.

ராமையா சாப்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்படின்னா கண்டிப்பா விக்க மாட்டேன்."

அப்பாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இரும்புக் கடை வைத்துக்கொண்டு இரும்பு விற்க மாட்டாராம். ஒரு பெண் உயிர் ஊசலாடும்போது இவருக்குத் தன் வீட்டுக்குச் சனி வந்துவிடுமோ என்ற கவலை. இப்படிப்பட்ட மனுஷன் திருநீறு பூசினால் என்ன, பூசாவிட்டால் என்ன. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கயிற்றைக் கையில் சுற்றியபடி வாசலுக்குத் திரும்பினான்.

"நில்லு. சிலிம் ரிவருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

திரும்பிப் பார்த்தான். ராமையா சாப்டைக் கோணியில் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்பேனரை மடியில் செருகினார். "முத்தம்மா, கேட்டைப் பூட்டிக்க. நான் நாளைக்குத்தான் வருவேன்" என்று உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, கோணியைத் தோளில் ஏற்றினார்.

"விக்க மாட்டேன்னீங்களே?"

"விக்கலியே. என் சாமான நான் தூக்கிட்டு வாரேன். நட."

பஸ் நிற்கும் இடம்வரை வெயிலில் நடந்தார்கள். ராமையா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். தோளைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. கொடுத்தால் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று அப்பாவு பல்லைக் கடித்தான். இவர் நடக்கிற நடைக்கு பஸ்ஸும் போய்விடும்.

பஸ் போகவில்லை. படியில் கால் வைத்தபோது அவர் தள்ளாடினார். அப்பாவு சட்டென்று கோணிக்குக் கை நீட்டினான்.

ராமையா அவன் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத. நானே கொண்டாந்து நானே மாட்டி விடுறேன். ஓடைய நீ கடந்தா நானும் கடக்க மாட்டேனா? வண்டியில ஓடினாலும் அது என் இரும்புதான். புள்ள பொறந்து, நல்ல நாளாப் பாத்து வந்து வாங்கிக்க."

"உங்க வீட்டுக்குச் சனி வந்துரும்னு பயப்படுறீங்க. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்லண்ணே."

ராமையா இருக்கையில் உட்கார்ந்து, கோணியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"விக்கிறவனுக்கு என்னடா வந்துச்சு? இன்னைக்கு இரும்பு வாங்குறவன் வீட்டுக்குத்தான் ஆகாது. ரெண்டு போன வீடுன்னு நீதானே சொன்னே."

பஸ் கிளம்பியது.

அப்பாவு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கோணியின் முனை தன் முழங்காலில் படாதபடி, மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துகொண்டான்.