மாந்தோப்பில் ஒரு மாம்பழச்சிட்டு

விடுதியில் அறைத்தோழி சொன்ன கதை இது. அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

கருவேலங்காட்டில் பிறந்த மாம்பழச்சிட்டு ஒன்று மாந்தோப்பில் குடியேறியது. பிறந்ததே இங்கேதான் என்று பக்கத்துக் கிளைத் தேன்சிட்டிடம் சொல்லி வைத்திருந்தது.

மகள் முதல் கூடு கட்டுகிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு காலையில் காட்டிலிருந்து அப்பா வந்துவிட்டது. முள்ளில் மாட்டி மாட்டி வால் பிய்ந்திருந்தது. கூட்டை இழுத்துக் கட்டுவதற்காகச் சேர்த்த சிலந்தி நூல் அதன் முகமெல்லாம் ஒட்டியிருந்தது.

“யாருடி இது, ஒட்டடைக் குச்சி மாதிரி? உன் சொந்தக்காரரா?” என்று தேன்சிட்டு சிரித்தது.

“சொந்தமெல்லாம் இல்லக்கா. காட்டுப் பக்கத்து ஆளு. கூட்டுக்கு நூல் கொண்டுவந்து போடும்.”

அப்பா ஒரு கணம் மகளைப் பார்த்தது. பிறகு தேன்சிட்டின் பக்கம் திரும்பி, “ஆமாங்க, போட்டுட்டுப் போகத்தான் வந்தேன்” என்றது. நூலை மகளின் அலகில் கவனமாகக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுமுன் போகவேண்டும் என்று கிளம்பியது.

வாயில் நூல் இருந்ததால்தான் அப்பாவைக் கூப்பிட முடியவில்லை என்று சிட்டு வெகுநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாம்.

பிறகு நூலகத்தில் பறவைப் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். மாம்பழச்சிட்டுகளில் அடைகாப்பது தாய் மட்டும் அல்ல. அப்பாவும் முறை வைத்து முட்டைமேல் உட்காருகிறது.