இரண்டு எண்ணெயும் ஒரு வெள்ளைச் சட்டையும்

கத்தரி நுனி கட்டைவிரலில் பட்டு இரண்டு சொட்டு ரத்தம்தான் வந்தது. வெட்டுக்கூட இல்லை, வெறும் கீறல். அதற்குள் என் தையற்கடையில் மாநாடு கூடிவிட்டது. சன்னல் வெயில் நேராக என் மடிமேல் விழுகிறது. மடியில், சாயங்காலம் கொடுக்கவேண்டிய வெள்ளைச் சட்டை. அதில் ரத்தம் பட்டுவிடக் கூடாதென்று, விடை தெரிந்த பிள்ளை மாதிரி விரலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "வேப்பெண்ணெய் வச்சா சீழ் பிடிக்காது. கையக் கீழ எறக்குடி" என்று என்னோடு தைக்கும் என் அக்கா புட்டியைத் திறக்கிறாள். கசப்பு வாடை கடை முழுக்க ஏறுகிறது. "அது எரியுமே அக்கா! தேங்காயெண்ணெயில மஞ்சளக் கொழச்சுட்டேன். எங்கிட்டக் காட்டுங்க அண்ணி" என்று பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் நாத்தனார் கிண்ணத்தோடு குறுக்கே பாய்கிறாள். "ரத்தம் எப்பவோ நின்னுபோச்சு. ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க!" என்று கத்துகிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆளுக்கொரு பக்கம் என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார்கள். புட்டியும் கிண்ணமும் டக்கென்று முட்டிக்கொள்கின்றன. சட்டைப் பையின்மேல் பழுப்பாக ஒரு வட்டம், நடுவில் மஞ்சள், வெயிலில் பளபளத்தபடி மெல்லப் பரவுகிறது. "ரத்தம் பட்டிருந்தாக்கூட எச்சியத் தொட்டுத் தேச்சு எடுத்திருப்பேனே" என்கிறேன். விரல் இன்னும் மேலேதான் நிற்கிறது. அக்கா பதறிப்போய்க் குனிந்து கறையைத் துடைக்கிறாள், அந்த எண்ணெய்க் கையாலேயே.