ஷெரீப் வீட்டு நரி

ஒரு விடுகதை. ஒருவரிடம் ஒரு கோழிகூடக் கிடையாது. ஆனால் நரியிடமிருந்து கோழிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி, பதினோரு வருடமாக ஊராரிடம் துப்பாக்கி இரவல் வாங்குகிறார். ஏன்?

யோசித்துக்கொண்டே இருங்கள். டஸ்டி க்ரீக் மாவட்டத்துக்கே அந்தச் சனிக்கிழமை வரை தெரியாது.

அன்று மத்தியானம் சந்தைத் திடல் கூடத்தில் கூட்டம். செவ்வாய்க்கிழமை, மாவட்டப் போலீஸுக்குத் தலைவரான ஷெரீப்பைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். பதவியில் இருக்கும் ஷெரீப் லைல் ஹட்சின்ஸ், வாஷிங்டனிலிருந்து வந்த கடிதத்தை உயர்த்திக் காட்டினார்.

"புதுத் துப்பாக்கிச் சட்டமாம். நான் வீடு வீடாப் போய்ப் பிடுங்கணுமாம். மாட்டேன்!"

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. லைல் கடிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் செருகினார். மேஜை ஆடுவது நின்றது. அதற்கும் ஒரு கைதட்டல்.

அவரை எதிர்த்து நிற்கும் மெர்ல் டோபின் எழுந்தார்.

"பிடுங்க மாட்டாராம்! மூணு வருஷம் முன்னாடி என் ரைபிளை வாங்கிட்டுப் போனாரே, அது எங்க? கோழிக்கூண்டுக்கு நரி வருதுன்னாரு."

"அட, என்கிட்டயும் அதே நரிதான்!" என்றார் பின்வரிசையிலிருந்து கிழவர் ஏமஸ்.

"எங்க வீட்டுலயும் வாங்கினாரு. ரெண்டு!"

"இவருக்குத்தான் அரசாங்கமே துப்பாக்கி குடுத்திருக்கே?"

"அதால நரியச் சுடக் கூடாதாம். விதி இருக்காம்."

மெர்ல் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார்.

"அதெல்லாம் கிடக்கட்டும். இந்த ஆளுகிட்ட கோழியே கிடையாது! போன வாரம் அவர் வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்துட்டு வந்தேன். கூண்டுல புல்வெட்டுற மெஷின்தான் நிக்குது."

கூடமே சிரித்தது. பிறகு, யோசித்துப் பார்த்து, முறைத்தது.

"சொல்லுய்யா லைல். நரி எங்க? கோழி எங்க? என் ரைபிள் எங்க?"

லைல் குனிந்து தன் சட்டையில் குத்தியிருந்த ஷெரீப் நட்சத்திரத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை அதைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும் போலிருந்தது.

"எல்லாம் பத்திரமா இருக்கு. கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன். வந்து எடுத்துக்கங்க," என்றார். "காரணத்தை மட்டும் இத்தனை பேருக்கு நடுவுல கேக்காதீங்க."

"ஓடி ஒளியறாரு பாரு!" என்று மெர்ல் முன்னால் நடந்தார். மொத்தக் கூட்டமும் தெருவைக் கடந்து சிறைக்குப் போனது.

டஸ்டி க்ரீக் சிறையில் ஒரே அறை. அதில் கைதிகளுக்குப் பதில் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு.

"ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. சீட்டுல பேரும் நான் வாங்கின தேதியும் இருக்கு. படிச்சுட்டு எடுத்துக்கங்க."

மெர்ல் விறுவிறுவென்று உள்ளே போனார். இரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்தார். கையில் தொப்பி மட்டும்தான் இருந்தது.

"ரைபிள் எங்கய்யா?" என்று கேட்டது கூட்டம்.

"கொஞ்சம் துரு பிடிச்சிருக்கு. லைலே துடைச்சு வைக்கட்டும்." இரண்டு அடி நடந்து திரும்பினார். "அது பொல்லாத நரிதான்யா. நான் சொல்றேன்."

அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தவர் தன் வீட்டு அலமாரியில் இடமில்லை என்றார். அதற்கடுத்தவருக்குத் திடீரென்று முதுகு வலி, தூக்க முடியாதாம். கிழவர் ஏமஸ் மட்டும் தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, லைலின் கையைக் குலுக்கினார்.

"எனக்கு இப்பத் தேவலை லைல். என் வீட்டுக்காரி போயி ஆறு வருஷம் ஆச்சு."

கடைசியாக வேட் லிண்ட்ஸே, பத்து வயது மகள் ஜோசியோடு உள்ளே போனார். தன் ரைபிளைக் கையில் எடுத்தார். சீட்டில் ஏப்ரல் பத்து என்று இருந்தது. ஜோசியின் அம்மாவை அடக்கம் செய்தது ஏப்ரல் ஒன்பது.

வேட் அந்தச் சீட்டை மூன்று தடவை படித்தார்.

"அன்னிக்கு விடியற வரைக்கும் இதை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு யாரு சொன்னது?"

"கோழி சொல்லிச்சு," என்றார் லைல்.

ஜோசி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேட் அவளைப் பார்த்தார்.

"சரி, இப்பத்தான் சட்டமே வந்துடுச்சே லைல். இனிமே உனக்கு நரி எதுக்கு?"

"சட்டம்னு சொல்லிக்கிட்டு வந்தா வைக்கோல் போருக்குள்ள ஒளிச்சு வைப்பீங்க. நரின்னா, நீங்களே தூக்கிட்டு வந்து ஜீப்புல வைக்கறீங்க."

வேட் சிரித்துவிட்டார். ஏப்ரலுக்குப் பிறகு இப்போதுதான். சிரித்து முடித்து, ரைபிளைப் பிடித்தபடியே மகள் பக்கம் குனிந்தார்.

"ஜோசி, எடுத்துட்டுப் போலாமா? நீ சொல்றதுதான்."

வேண்டாம், நரி இன்னும் போகவில்லை என்றாள் ஜோசி.