கடிகாரமும் ரொட்டியும்

அக்கரை நாட்டு அதிகாரி ஒரு வாரமாகக் கடிகாரமும் கையுமாகத் தீவைச் சுற்றி, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அளந்தார். புறப்படும் நாளில் ஒப்பந்தத்தை விரித்து வைத்து, தீவின் தலைவி சலேத்தம்மாளிடம் சொன்னார்: "கேழ்வரகு விளைக்கிறதுலயும் கயிறு திரிக்கிறதுலயும் நாங்கதான் வேகம். ஆனா கேழ்வரகுல நீங்க ரொம்பத் தோக்குறீங்க, கயித்துல கொஞ்சமாத்தான். அதனால கயிறு மட்டும் திரிங்க, தானியம் நாங்க அனுப்புறோம். ரெண்டு பேருக்கும் லாபம்."

"கணக்கு சரிதான். கப்பல் வராத மாசம் கயித்தயா திங்கிறது?"

"அதெல்லாம் வரும்மா. கையெழுத்துப் போடுங்க, கடல் தண்ணி வத்துறதுக்குள்ள கப்பல எடுக்கணும், இல்லன்னா தரை தட்டிடும்."

அவள் மடியிலிருந்து காய்ந்த கேழ்வரகு ரொட்டி ஒன்றை எடுத்து உடைத்தாள். கல் உடைவதுபோல் சத்தம் கேட்டது. பாதியை அவரிடம் நீட்டினாள்.

"எல்லாத்துக்கும் நேரம் பாத்தீங்கல்ல, இதுக்கும் பாருங்க. எனக்கு முன்னாடி மென்னு முடிச்சிட்டா கையெழுத்துப் போடுறேன்."

அவர் சிரித்துக்கொண்டே கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கடித்தார். சிரிப்பு நின்றது.

அவள் தன் பாதியைத் தின்று முடித்து மடியிலிருந்து அடுத்த ரொட்டியை எடுத்தபோது, அவர் வாயில் முதல் கடி அப்படியே இருந்தது. கரையில் தண்ணீர் வற்றி, கப்பலின் அடி மணலில் உரசியது.