அவரு சொன்னது

பஸ் மாத்தூரைத் தாண்டும்போதா, கீரனூருக்குள் நுழையும்போதா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. சோலையப்பனே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடம் சொல்வான். அவன் மடியிலிருந்த புத்தகம் கடைசிப் பக்கத்துக்கு வந்து முடிந்துபோனது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

செய்தித்தாளால் அட்டை போட்ட புத்தகம். மனைவி திலகவதி கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட அட்டை.

அதை எழுதியவரின் புத்தகங்களில் அது ஒன்றுதான் பாக்கி. மற்றவற்றையெல்லாம் கடைக்குச் சரக்கு எடுக்கத் திருச்சி போய்வரும் பஸ்ஸிலேயே படித்து முடித்திருந்தான்.

படிப்பில் அவனுக்கு ஆசை கிடையாது. பொறாமைதான் படிக்க வைத்தது.

அவன் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன மனிதர்மேல் பொறாமை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அவர் படத்தைப் பின்னட்டையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். காது கொஞ்சம் பெரிது. அதைத் தவிர இந்த ஆளிடம் அப்படி என்ன இருக்கிறது?

அவன் குவைத்தில் இருந்த வருஷங்களில்தான் அவர் வீட்டுக்குள் வந்தார். திலகவதி நூலகத்தில் எடுத்துப் படிக்க ஆரம்பித்திருந்தாள். போனில் எதற்கெடுத்தாலும் ‘அவரு சொல்றாரு’ என்று தொடங்குவாள்.

ஊரில் மற்ற பெண்களுக்கு ‘அவரு’ என்றால் புருஷன். இவளுக்குப் புருஷன் ‘பாப்பாவோட அப்பா’.

அண்ணன் முத்துராஜ் பொது நிலத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டபோது, குவைத்தில் இவன் சாப்பிடாமல் கிடந்தான். அவள் போனில் சொன்னாள்.

“ஏமாத்துனவங்களுக்குத்தான் நம்ம மொகத்தப் பாக்குறப்பல்லாம் அது ஞாபகம் வருமாம். நமக்கு அந்த வேலை இல்ல, தூங்கலாம்னு அவரு சொல்றாருங்க.”

தூங்கினான். எழுந்த பிறகுதான் உறைத்தது, தன்னைத் தூங்க வைத்தது இன்னொரு ஆம்பளை என்று.

ஊர் திரும்பி, கீரனூரில் பெயின்ட் கடை வைத்த பிறகும் அந்த ஆள் வீட்டை விட்டுப் போகவில்லை.

கொல்லையில் போர் போட்டு, தண்ணீருக்குப் பதில் கல்தூள் பறந்த அன்றும் பேசினார். கஷ்டம் மனுஷனை நல்லவனாக்கும் என்பது சும்மாவாம். கஷ்டத்தில் மனுஷன் கஞ்சனாகிவிடுவானாம், பெற்ற பிள்ளையிடம் சிரிப்பதற்குக்கூட யோசிப்பானாம்.

கேட்டதும் உள்ளே போய் மகளிடம் எதையோ சொல்லிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்த ஆளை வெறுத்தான்.

மகளுக்கு வேலை கிடைத்த அன்று இவன் வாயடைத்து உட்கார்ந்திருந்தான். சந்தோஷத்தை யாரும் உடனே உள்ளே விடுவதில்லையாம், வாசலில் நிற்க வைத்து யார் அனுப்பினது என்று விசாரிப்பார்களாம். அன்றைக்கும் அவரேதான்.

திலகவதி பேசாமல் இருக்கும் நாளில், “ஒன் ஆளு இன்னைக்கு லீவா?” என்று குத்துவான்.

இவள் மனசில் தனக்கென்று ஏதாவது இடம் மிச்சமிருக்கிறதா? அதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவளை மயக்கிய வரிகளை அச்சில் பார்க்க வேண்டும். ஏதாவது ஓட்டை கண்டுபிடித்து, அதை அவள் முன்னால் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதற்காகவே படித்தான்.

இதோ, கடைசிப் பக்கமும் முடிந்துவிட்டது.

அந்த வரிகள் எதிலுமே இல்லை.

ஏமாற்றியவர்களின் ஞாபகம் இல்லை. சிரிப்பில் கஞ்சத்தனம் இல்லை. வாசலில் நிற்கும் சந்தோஷம் இல்லை. மனிதர் நன்றாகத்தான் எழுதியிருந்தார், வேறு எதையெதையோ.

“கீரனூர் எறங்கலையாண்ணே?” என்றார் கண்டக்டர்.

இறங்கினான். வீட்டுக்கு நடக்கும்போது பழைய பேச்சு ஒன்று ஞாபகம் வந்தது.

குவைத் போன புதிதில் அவள் ஒரு தடவை, அண்ணன்கிட்ட கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க என்று சொல்லியிருக்கிறாள். ஒனக்கு என்ன தெரியும், போன வையி என்றிருக்கிறான். ‘அவரு’ பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் திலகவதி கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அவரு சொன்னதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இத்தனை வருஷப் பொறாமைக்கு அது போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

எதிரில் உட்கார்ந்து அவனும் ஒரு கடலையை எடுத்தான்.

“அவரு இன்னொன்னு சொல்லியிருக்காரு, தெரியுமா?”

அவள் கை நின்றது.

“பொழைக்கப் போயிட்டுத் திரும்பி வந்தவன், சொந்த வீட்டுக்குள்ளயே எடம் தேடி நிப்பானாம். எனக்கும் கொஞ்சம் எடம் விடுன்னு கேக்கத் தெரியாதாம் அவனுக்கு. அதான் எரிஞ்சு எரிஞ்சு விழுவானாம்.”

அவள் அந்த மனிதரின் எல்லாப் புத்தகங்களையும் படித்தவள். சிலவற்றை இரண்டு தடவை.

அவன் முகத்தைப் பார்த்தாள். உலை கொதித்து மூடி ஆடியது. எழுந்து போகவில்லை.

“ஆமாங்க,” என்றாள். “சொல்லியிருக்காரு.”

முத்துராஜ் அந்த நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். சோலையப்பன் அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை, கடையைப் பார்த்துக்கொள்கிறான். திலகவதி இப்போதும் நூலகத்துக்குப் போய்வருகிறாள். மகள் பிரகதீஸ்வரி புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் காலையில் ஒரு வரி எழுதி, கீழே அந்த எழுத்தாளரின் பெயரைப் போடுகிறாள். எல்லாம் வீட்டில் கேட்டவை.