பிணைக் கையெழுத்து

தனியார் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிக்க நிவேதனா வங்கிக் கடன் கேட்டிருந்தாள். பிணை நிற்கச் சொல்லி, உடுப்பிட்டியில் இருந்த மாமா சோமசேகரத்திடம் போனாள்.

“எட்டு லட்சம் கடன்பட்டு அரசியல் படிக்கப் போறியோ? விசரே உனக்கு?” என்று மாமா சிரித்தார்.

“படிச்சால் ஆசிரியர் வேலை எடுக்கலாம், மாமா.”

“கிழிச்சாய்! எவ்வளவு உழைக்கலாம், எவ்வளவு கடன் வருமெண்டு பாத்துத்தான் மனிசர் ஒண்டிலை இறங்குவினம். மூளை இருந்தால் கணக்கியல் படி.”

நிவேதனாவுக்குக் கண் கலங்கியது. படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இரு பிள்ளை,” என்றபடி தபால் கந்தோர் வேலையால் வந்து, வாசலில் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற மாமி மகாதேவி உள்ளே நுழைந்தாள். “இவர் நினைச்சாலும் பிணை நிக்கேலாது. வங்கி இவரின்ரை கையெழுத்தை எடுக்காது.”

“ஏன் மாமி?”

“போன பிரதேச சபைத் தேர்தலிலை சுயேச்சையா நிண்டவரெல்லோ? அதுக்கு இந்த வீட்டை ஈடு வைச்சுப் பதினைஞ்சு லட்சம் எடுத்தவர், இன்னும் கட்டேல்லை. விழுந்தது பத்தொன்பது வாக்கு.”

மாமி பேனையை எடுத்தாள்.

“கொண்டா, உனக்கு நான் கையெழுத்து வைக்கிறன். இவருக்கு நான் வாக்குக்கூடப் போடேல்லை.”